கொண்டாட்டமா கோட்டை விட்டது? கொலம்பியா ஆட்டம் பற்றி ஒரு மைசூர் ரசிகரின் மாறுபட்ட பார்வை

2017-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி இரவு டெல்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்த ஆட்டம் அது. அதைப் பற்றி மைசூரில் கால்பந்து தெரிந்த தமிழர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் மூன்று கருத்து வருகிறது. 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையில் இந்தியா கொலம்பியாவிடம் 1-2 என்ற கணக்கில் தோற்ற ஆட்டம்.

தசரா முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரம். ஊர்வலமும் விளக்கலங்காரமும் ஓய்ந்து, ஊர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. வழக்கமாக கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் டெலிவிஷன் பெட்டியைத் தராத வீடுகளில்கூட அன்றிரவு எட்டு மணிக்குக் கால்பந்து ஓடியது. காரணம் சாதாரணமானதல்ல. ஆண்களோ சிறுவர்களோ, உலகக் கோப்பை என்று பெயர் கொண்ட எந்தக் கால்பந்துப் போட்டியிலும் இந்தியா அதற்கு முன் ஆடியதே கிடையாது. 1950-இல் பிரேசிலுக்குப் போக வாய்ப்பு வந்தும் போகவில்லை. 2017-இல் போட்டியை நடத்தும் நாடு என்பதால் நமக்கு இடம் கிடைத்தது.

ஆட்டத்தில் நடந்தது என்ன?

மூன்று நாட்களுக்கு முன் அமெரிக்காவிடம் 0-3 என்று தோற்றிருந்த அணி, கொலம்பியாவுக்கு எதிரே வேறு அணி போல ஆடியது. முற்பாதியில் அபிஜித் சர்க்காருக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. எதிரணி கோல்கீப்பர் தடுத்துவிட்டார். இடைவேளைக்குச் சற்று முன் கேரளத்து ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இடைவேளையின்போது கோல் எதுவும் இல்லை. தீரஜ் சிங் நம் வலையைக் காத்த விதத்தைப் பார்த்து, பழைய ஆட்டக்காரர்கள் பீட்டர் தங்கராஜை நினைத்துக் கொண்டார்கள்.

49-ஆவது நிமிடத்தில் கொலம்பியாவின் பெனலோசா ஒரு கோல் போட்டார். நம் பையன்கள் தளரவில்லை. 82-ஆவது நிமிடத்தில் நமக்கு ஒரு கார்னர். அதை உதைத்தவர் சஞ்சீவ் ஸ்டாலின். உயர எழும்பித் தலையால் வலைக்குள் தள்ளியவர் மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங். உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். அரங்கமே எழுந்து நின்றது.

அந்த ஆரவாரம் அடங்குவதற்குள், 83-ஆவது நிமிடத்தில், அதே பெனலோசா இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார். ஆட்டம் முடிந்தது.

இரண்டு கருத்துகள்

மறுநாளிலிருந்து இரண்டு விதமாகப் பேசினார்கள். பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் "வீரத் தோல்வி, சரித்திரம் படைத்தார்கள்" என்றார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"ஒரு கோல் போட்டதுக்கே உலகத்தை ஜெயிச்ச மாதிரி குதிச்சானுங்க அண்ணே, அதான் கோட்டை விட்டானுங்க" என்றார் ஒருவர்.

"சின்னப் பசங்கதானே தம்பி, விடுப்பா" என்றார் ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்.

முதல் கருத்து தாலாட்டு. இரண்டாவது கருத்து திட்டு. இரண்டுமே தவறு என்பது இந்த ரசிகனின் தாழ்மையான அபிப்பிராயம். காரணங்களைச் சொல்கிறேன், வாசகர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கொண்டாட்டத்தில் மயங்கித்தான் இரண்டாவது கோலை வாங்கினார்கள் என்றால், கொண்டாட எதுவுமே இல்லாத மற்ற இரண்டு ஆட்டங்களில் என்ன நடந்தது?

அமெரிக்காவுடன் நடந்த ஆட்டத்தில் 84-ஆவது நிமிடம். அன்வர் அலி அடித்த பந்து கோலின் மேல் கம்பத்தில் மோதித் திரும்புகிறது. நம் ஆட்கள் முன்னால் நிற்கிறார்கள். திரும்பிய பந்தை எடுத்துக்கொண்டு அமெரிக்கர்கள் மறுகோடிக்கு ஓடி மூன்றாவது கோலைப் போட்டார்கள். அங்கே யாரும் குதிக்கவில்லை, யாரும் கட்டிப் பிடிக்கவில்லை. ஆனாலும் கோல் விழுந்தது.

அக்டோபர் 12-ஆம் தேதி கானாவிடம் 0-4 என்று தோற்றோம். கடைசி இரண்டு கோல்களும் 86-ஆவது, 87-ஆவது நிமிடங்களில் அடுத்தடுத்து விழுந்தன. அங்கேயும் நாம் எதையும் கொண்டாடிக் கொண்டிருக்கவில்லை.

மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து நாம் வாங்கியவை 9 கோல்கள். அவை விழுந்த நிமிடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அமெரிக்கா: 30, 51, 84. கொலம்பியா: 49, 83. கானா: 43, 52, 86, 87. இடைவேளை முடிந்து வந்த முதல் ஏழு நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள். 83 முதல் 87 வரையிலான நிமிடங்களில் நான்கு கோல்கள். ஆக, 9-இல் 7 கோல்கள் இந்த இரண்டு குறுகிய நேரங்களில்தான் விழுந்திருக்கின்றன.

இதற்கும் கொண்டாட்டத்துக்கும் சம்பந்தமில்லை. இடைவேளை முடிந்து திரும்பியதும் சட்டென்று ஆட்டத்துக்குள் நுழைவது, கால் சோர்ந்த கடைசிப் பத்து நிமிடங்களில் இடத்தை விடாமல் நிற்பது, தாக்கப் போனால் திரும்பி வரும் வழியை மனதில் வைத்திருப்பது ஆகிய மூன்றும் கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லித் தருகிற பாடங்களல்ல. தோற்றால் ஏதாவது பறிபோகும் என்கிற ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஆடித்தான் உடம்பில் ஏற வேண்டும்.

கொலம்பியா எப்படி வந்தது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் கொலம்பியப் பையன்கள் 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலி நாட்டில் நடந்த தென் அமெரிக்க இளைஞர் போட்டியில் ஆடினார்கள். முதல் சுற்றில் நான்கு ஆட்டம், இறுதிச் சுற்றில் ஐந்து ஆட்டம், மொத்தம் ஒன்பது. பிரேசிலும் சிலியும் பராகுவேயும் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் நான்காவது இடம் பிடித்துத்தான் இந்தியாவுக்கு விமானம் ஏறினார்கள். ஒரு இடம் கீழே போயிருந்தால் டெல்லியே அவர்களுக்கு இல்லை.

நம் பையன்கள்? நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்றே ஆடாமல் நுழைந்தவர்கள். ஐரோப்பாவுக்கும் மெக்சிகோவுக்கும் அழைத்துப் போனார்கள். பல நட்பு ஆட்டங்கள் ஆடினார்கள். பணம் செலவழிக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நட்பு ஆட்டத்தில் 83-ஆவது நிமிடம் தூங்கினால் பயிற்சியாளர் திட்டுவார், அவ்வளவுதான். தகுதிச் சுற்றில் தூங்கினால் வீட்டுக்குப் போக வேண்டும். நீச்சல் கற்றுக் கொடுப்பதற்குத் தண்ணீர் வேண்டும். கரையில் படுத்துக் கை காலை உதைத்தால் வராது.

இதற்கு மேல் இன்னொன்று. போட்டி தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது ஜெர்மன் பயிற்சியாளர் நிக்கோலாய் ஆடம் விலக, போர்ச்சுகலின் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் பொறுப்பேற்றார். வந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. பலம் வாய்ந்த கொலம்பியாவை இடைவேளை வரை கோல் போட விடாமல் நிறுத்திக் காட்டினார். ஆனால் பத்து வயதிலிருந்து போட்டிருக்க வேண்டிய அஸ்திவாரத்தைப் பதினாறாவது வயதில், சில மாதங்களில், எந்த மேஸ்திரியும் போட்டுவிட முடியாது.

அந்தக் கார்னரின் கதை

"சரித்திர கோல்" என்று கொண்டாடினார்களே, அந்தக் கோலைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

கார்னரை உதைத்த சஞ்சீவ் ஸ்டாலின் நம் பெங்களூர்ப் பையன். பெயரைக் கேட்டதுமே நம்மவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது உண்மை. பெற்றோர் நடைபாதையில் துணி விற்றுப் பிழைத்தவர்கள் என்று அந்த நாட்களில் செய்தி வந்தது. ஆனால் அவர் கால்பந்து கற்றது பெங்களூரிலா? சண்டீகரில். கோல் போட்ட ஜீக்சன் சிங்கும் மணிப்பூரிலிருந்து சிறு வயதிலேயே சண்டீகர் கால்பந்துப் பள்ளிக்குப் போனவர்தான். ஆக, தென்கோடியிலிருந்து ஒரு பையனும் கிழக்குக் கோடியிலிருந்து ஒரு பையனும் வீட்டை விட்டு வடக்கே போய், ஒரே பள்ளியில் வளர்ந்து, அங்கிருந்து சேர்ந்து வந்து போட்ட கோல் அது. 21 பேர் கொண்ட அந்த அணியில் 8 பேர் மணிப்பூரிகள் என்பதையும் சேர்த்து நினைத்துக் கொள்ளுங்கள்.

பெருமைப்பட வேண்டியவர்கள் அந்தப் பெற்றோர்களும் அந்தப் பயிற்சிப் பள்ளியும். நடைபாதையில் வியாபாரம் செய்தவர்களின் பிள்ளைக்குத் தன் சொந்த மாநிலத்தில் தங்கி ஆட்டம் கற்க வழியில்லாமல் போனதே, அதற்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது? முன்பு மைசூர் ராஜ்யமாக இருந்தபோது இந்த மாநிலம் சந்தோஷ் டிராபியை நான்கு முறை வென்றது: 1946-47, 1952-53, 1967-68, 1968-69. அதற்குப் பிறகு ஐந்தாவது முறை வெல்ல 2023 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்றபோது, இடையில் 54 ஆண்டுகள் ஓடியிருந்தன. பெங்களூர் கௌதமபுரத்தில் பெலேக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய அருமைநாயகம் பெங்களூர் தந்த ஆட்டக்காரர். ஆட்டமும் ஆசையும் இந்த மண்ணில் இல்லாமலில்லை. முறையாக நடந்துவரும் சிறுவர் போட்டிகள்தான் இல்லை.

பழைய பாடம் ஒன்று

"வீரத் தோல்வி" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1948 ஜூலை 31-ஆம் தேதி. லண்டனுக்கு அருகே இல்ஃபோர்டு என்ற இடத்தில் ஒலிம்பிக் ஆட்டம், எதிரணி பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். பிரான்ஸ் முந்தியது. 70-ஆவது நிமிடத்தில் பெங்களூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன் கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் வெற்றி கோலைப் போட்டது. முடிவு 1-2. அன்று நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகின.

அப்படியே பொருந்துகிறது, பாருங்கள்! பெங்களூர்க்காரரின் கைவண்ணம், சமன் செய்த கோல், கடைசி நேரத்தில் சறுக்கல், 1-2. அன்றைக்கும் வெறுங்கால் வீரத்தைப் புகழ்ந்து தள்ளினார்கள். காலணி வேண்டாமா என்று யாரும் வற்புறுத்தவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று உதை வாங்கினோம். அந்த ஒரு கோலைப் போட்ட அகமது கானும் பெங்களூர்க்காரர்தான். அந்தத் தோல்வியைப் புகழ யாராலும் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் காலணி கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாம் நான்காவது இடம். 1962-இல் ஆசியத் தங்கம். காலணி ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஹைதராபாத் ரஹீம் சாகிபின் பயிற்சி இருந்தது, நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் இனிப்பான தோல்வி நான்கு வருடம் நம்மைத் தூங்க வைத்தது என்பதையும், கசப்பான தோல்வி எழுப்பி உட்கார வைத்தது என்பதையும் மறுக்க முடியுமா?

இளைஞர் ஆட்டத்திலும் இதே கதை உண்டு. 1974-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளைஞர் கால்பந்தில் ஷபீர் அலி தலைமையில் நம் அணி இறுதி ஆட்டத்தில் ஈரானுடன் 2-2 என்று சமன் செய்து, கோப்பையைப் பங்கிட்டுக் கொண்டது. அது தோல்வியே அல்ல, வெற்றி. மாலை போட்டோம், மறந்தோம். அடுத்த வரிசைச் சிறுவர்களுக்கு ஒழுங்கான போட்டிகளை நடத்த வேண்டும் என்று அப்போதே தோன்றியிருந்தால், 2017-இல் சொந்த ஊரில் விருந்தாளி போல நுழைய வேண்டியிருக்காது.

எதிர்வாதமும் நியாயமே

"அப்படியானால் பிள்ளைகளைத் தட்டிக் கொடுக்கவே கூடாதா?" என்று ஒர்க்ஷாப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏழை வீட்டுப் பிள்ளைகள். அணித் தலைவர் அமர்ஜித் சிங்கின் தாயார் இம்பாலில் மீன் விற்றவர். இவர்களைப் பாராட்டாமல் யாரைப் பாராட்டுவது?

பாராட்டுவோம். ஆனால் எதற்காகப் பாராட்டுகிறோம் என்பது முக்கியம். அந்தப் பையன்கள் அன்று நன்றாகத் தோற்பதற்காக இறங்கவில்லை, ஜெயிக்க இறங்கினார்கள். ராகுலின் பந்து நான்கு விரல்கடை உள்ளே போயிருந்தால் இடைவேளையில் நாம் முன்னணியில் இருந்திருப்போம். அடுத்த சுற்றில் இதே கொலம்பியாவை ஜெர்மனி 4-0 என்று புரட்டிப் போட்டது. அதாவது, வெல்ல முடியாத அணி அல்ல அது. வென்றிருக்கக் கூடிய ஆட்டத்தைத் தோற்றவர்களிடம் போய் "அருமையாகத் தோற்றீர்கள்" என்று சொல்வது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். "ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டமடா, தம்பி" என்பதுதான் மரியாதை. அந்த மரியாதையில் அடுத்த கேள்வி தானாக வரும்: ஏன் ஜெயிக்கவில்லை?

அதே போல "குதித்ததால் தோற்றான்" என்று திட்டுவதும் அந்தக் கேள்வியை அடைத்துவிடுகிறது. பதினாறு வயதுப் பையன், நாட்டின் முதல் கோலைப் போட்டுவிட்டுக் குதிக்காமல் தேவாரமா பாடுவான்? பழியைப் பையன் தலையில் போட்டுவிட்டால், ஆட்டமே நடத்தாத பெரியவர்கள் தப்பித்துக் கொள்கிறார்கள்.

செய்து காட்டியவர்களும் உண்டு

இது வெறும் டீக்கடை வேதாந்தம் அல்ல என்பதற்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது. 2018-இல் மலேசியாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டிக்கு, கோவாவின் பிபியானோ ஃபெர்னாண்டஸ் பயிற்சியில் இன்னொரு சிறுவர் அணி போனது. இவர்கள் தகுதிச் சுற்று ஆடி இடம் பிடித்தவர்கள். வியட்நாமை 1-0 என்று வென்றார்கள். ஈரானுடனும் இந்தோனேசியாவுடனும் 0-0. காலிறுதியில் தென் கொரியாவிடம் 0-1 என்று தோற்றார்கள். வென்றிருந்தால் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருப்பார்கள். நான்கு ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல்! கடைசி நிமிடங்களில் கலையாமல் நிற்க நம் பையன்களுக்கும் தெரியும். அதற்கான ஆட்டங்களைத் தர வேண்டும், அவ்வளவுதான்.

2017 பையன்களும் வீணாய்ப் போகவில்லை. அவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்து "இந்தியன் ஏரோஸ்" என்ற பெயரில் ஐ-லீக்கில் ஆட வைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் கடைசி இடம்தான். ஆனால் பெரியவர்களுடன் மோதி மோதி உரம் ஏறியது. ஜீக்சன் சிங், சுரேஷ் சிங், அன்வர் அலி, லாலெங்மாவியா என்று பலர் பின்னாளில் இந்தியாவின் பெரிய அணியிலேயே ஆடினார்கள். சஞ்சீவ் ஸ்டாலின் போர்ச்சுகல் வரை போய், பிறகு கேரளா பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி அணிகளில் ஆடினார். பலன் கண்கூடாகத் தெரிந்த அந்த ஏரோஸ் அணியை 2022-இல் கலைத்துவிட்டார்கள். வயதுவாரிப் போட்டிகளுக்குப் பணத்தைத் திருப்புகிறோம் என்று காரணம் சொன்னார்கள். அது நடந்தால் நல்லதே.

மைசூருக்கு என்ன?

டெல்லி ஆட்டத்தைப் பற்றி மைசூரில் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தசராவிலும் விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. விழா முடிந்தால் பந்து பரணுக்குப் போய்விடுகிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வருடத்தில் ஒரு திருவிழா ஆட்டம் போதாது. வாரம் ஒரு ஆட்டம், புள்ளிப் பட்டியல், மேலே போகிற ஆசை, கீழே விழுகிற பயம் எல்லாம் வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. நான்கைந்து பள்ளிகள், இரண்டு மூன்று சங்கங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் விசில் ஊத ஒரு பழைய ஆட்டக்காரர், இவை போதும். சங்கங்களில் நாடகமும் பட்டிமன்றமும் நடத்தத் தெரிந்த நம் தமிழர்களுக்கு, கன்னட நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சிறுவர் லீக் நடத்தத் தெரியாதா?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் தோற்று வந்தால் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எத்தனையாவது நிமிடத்தில் கோல் விழுந்தது?" என்று கேளுங்கள். அவனே யோசிக்கத் தொடங்குவான்.